புதையல் (மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு)

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் புதையல் என்பது, ஆட்டக்காரர்களின் கதைமாந்தர்கள் தமது பயணத்தில் கண்டெடுக்கும் நாணயங்கள், மணிக்கற்கள், அணிகலன்கள், மந்திரப் பொருட்கள் முதலிய செல்வத்தைக் குறிக்கும். கனவுருப்புனைவு சார்ந்த விளையாட்டுகளில் இது வெறும் பரிசாக மட்டுமன்றி, ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் கருவியாகவும் அமைகின்றது. புதையலின் மதிப்பு என்ன, எடை என்ன, யாருக்கு எவ்வளவு பங்கு, அது உண்மையில் யாருக்கு உரியது ஆகிய நான்கு கேள்விகளுக்கு விதிகள் தரும் விடைகளைப் பொறுத்து ஆட்டக்காரர்களின் நடத்தையே மாறுபடும்.

பின்னணி

இவ்வகை விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துனராக இருந்து சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அவர் என்ன செய்கிறார் என்பதைக் கூறுவர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவு பகடை உருட்டித் தீர்மானிக்கப்படும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர்கள் உருவாக்கி 1974 ஆம் ஆண்டில் வெளியான டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இவ்வகையில் வணிக முறையில் வெளிவந்த முதல் விளையாட்டாகக் கருதப்படுகின்றது. நிலவறைக்குள் நுழைந்து, ஆபத்துகளைக் கடந்து, செல்வத்துடன் மீள்வது இதன் அடிப்படைக் கதையமைப்பு ஆகும்.

புதையலும் பட்டறிவுப் புள்ளிகளும்

கதைமாந்தர்கள் பட்டறிவுப் புள்ளிகளைச் சேர்த்து அடுத்த நிலைக்கு உயர்கின்றனர். தொடக்ககால விதிகளில், மீட்டுவரும் புதையலின் ஒவ்வொரு பொற்காசு மதிப்புக்கும் ஒரு புள்ளி வழங்கப்பட்டது. டாம் மோல்ட்வே தொகுத்து 1981 இல் வெளியான அடிப்படைப் பதிப்பில், ஓர்க் எனப்படும் சாதாரண எதிரி ஒன்றை வென்றால் கிடைப்பது 10 புள்ளிகள் மட்டுமே. எனவே 200 பொற்காசு கொண்ட ஒரு பெட்டி, இருபது ஓர்க்குகளை வெல்வதற்குச் சமமாகும். உயிரைப் பணயம் வைத்துப் போரிடுவதைவிட, ஏமாற்றியோ பேரம் பேசியோ ஒளிந்து சென்றோ பொருளை எடுத்துவருவதே அறிவுடைமை என ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டனர். புதையலைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டுமே புள்ளிகள் கிடைக்கும்.

1989 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இவ்விதி விருப்பத்திற்குரியதாக்கப்பட்டது. 2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் எதிரிகளையும் இடையூறுகளையும் வெல்வதே புள்ளிகளுக்கு முதன்மையான வழியாயிற்று. புதையலோ, ஒவ்வொரு நிலையிலும் கதைமாந்தரிடம் இருக்கவேண்டிய செல்வத்தைக் காட்டும் அட்டவணைப்படி வழங்கப்பட்டது. இதனால் போரைத் தவிர்ப்பதற்கான தூண்டுதல் குறைந்தது.

நாணயங்களும் எடையும்

செம்பு, வெள்ளி, எலக்ட்ரம், பொன், பிளாட்டினம் ஆகிய ஐவகை நாணயங்கள் இவ்விளையாட்டில் வழங்குகின்றன. எலக்ட்ரம் என்பது பொன்னும் வெள்ளியும் கலந்த கலப்புலோகம் ஆகும். 1981 ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்து நாணயங்கள் ஒரு பவுண்டு எடை கொண்டவை. எடை குறித்த விருப்ப விதியின்படி, 400 நாணய எடை வரை சுமப்பவர் முழு வேகத்தில் நடக்கலாம். அதற்கு மேல் வேகம் படிப்படியாகக் குறையும். 1,600 ஐத் தாண்டினால் நகரவே இயலாது. ஆயிரக்கணக்கான செப்புக்காசுகளை விட்டுவிட்டு மணிக்கற்களை மட்டும் எடுப்பதா, சுமை தூக்கும் ஆட்களை அமர்த்துவதா, இருமுறை வந்து போவதா என்னும் முடிவுகள் இவ்விதியிலிருந்தே எழுகின்றன.

இந்த எடை மெய்ம்மையிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. 2020 பெப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் 505 பொற்காசுகள் கொண்ட பாத்திரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அக்காசுகளின் மொத்த எடை ஏறத்தாழ 1.7 கிலோகிராம். 1981 ஆம் ஆண்டு விதிப்படி அதே எண்ணிக்கையிலான காசுகள் ஏறத்தாழ 23 கிலோகிராம் இருக்கும். ஐம்பது காசுகளை ஒரு பவுண்டாகக் கொள்ளும் பிற்காலப் பதிப்புகளின்படியும் அவை 4.6 கிலோகிராம் வரும்.

மந்திரப் பொருட்கள்

மந்திர வாள், மோதிரம், மருந்து போன்றவற்றின் தன்மை கண்டெடுத்தவுடன் தெரிவதில்லை. அவற்றை மந்திரத்தால் அறியலாம், அல்லது துணிந்து பயன்படுத்திப் பார்க்கலாம். சில பொருட்கள் சாபம் ஏறியவை என்பதால் இரண்டாவது வழி ஆபத்தானது. இத்தகைய பொருட்கள் மிகுந்துவிட்டால் ஆட்டத்தின் சவால் குறையும். இதைத் தடுக்க, 2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பில், ஒருவர் தம்முடன் பிணைத்துக்கொள்ளக்கூடிய ஆற்றல்மிக்க பொருட்களின் எண்ணிக்கை மூன்றாக வரையறுக்கப்பட்டது.

பங்கீடு

ஆட்டக்காரர்களுக்கிடையே மனத்தாங்கல் ஏற்படும் இடங்களுள் பங்கீடு முக்கியமானது. பயணம் தொடங்குமுன்பே முறையை முடிவு செய்துகொள்வது நல்லது. பரவலாகக் காணப்படும் முறைகள்:

* நாணயங்களையும் மணிக்கற்களையும் சமமாகப் பிரித்தல்
* கூலிக்கு வரும் துணையாட்களுக்கு அரைப்பங்கு வழங்குதல்
* மந்திரப் பொருட்களை, பகடையில் உயர்ந்த எண் பெற்றவர் முதலில் தேர்ந்தெடுத்தல்
* சிகிச்சை, இறந்தோரை உயிர்ப்பித்தல் போன்ற செலவுகளுக்குப் பொதுநிதி ஒதுக்குதல்

கிடைத்த பொருள், அதன் மதிப்பு, சுமப்பவர் ஆகியவற்றை ஒருவர் பொறுப்பேற்றுக் குறித்துவைப்பது பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும்.

உரிமை

பாழடைந்த கோயிலிலோ கல்லறையிலோ கிடைக்கும் பொருள் கண்டெடுத்தவருக்கே உரியது என்பது இவ்விளையாட்டுகளின் பேசப்படாத எடுகோள் ஆகும். நடைமுறைச் சட்டம் இதற்கு மாறானது. 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விசாரணைக்குப் பின் அது உரிமையாளர் அற்றது என அறிவிக்கப்பட்டால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்தின் உரிமையாளருக்கும் சேரும். அரசு உரிய விலை கொடுத்து அதனைக் கையகப்படுத்தவும் வழியுண்டு. மறைப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

பாழடைந்த கோயிலும் உரிமை இழப்பதில்லை என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்றாகும். தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில், சிதைந்த சிவன் கோயில் இருந்த இடத்தில் 1976 இல் ஒரு தொழிலாளி இச்செப்புத் திருமேனியைக் கண்டெடுத்தார். அது கைமாறிக் கடத்தப்பட்டு, இலண்டனில் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. அதை வாங்கிய கனேடிய நிறுவனம் தொடர்ந்த வழக்கில், அச்சிதைந்த கோயிலின் உரிமை மேலானது என்பதை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 இல் உறுதி செய்தது. சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.

இக்கேள்வியை ஆட்டத்துக்குள் கொண்டுவரும் நடத்துனர்கள், புதையலுக்கு உரிமை கோரும் ஊராரையோ பூசாரியையோ கதையில் சேர்க்கலாம். அப்போது கண்டெடுப்பதுடன் கதை முடிவதில்லை. பொருளை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்பதையும் ஆட்டக்காரர்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

* பாத்திரமேற்பு விளையாட்டு
* கனவுருப்புனைவு
* இந்தியப் புதையல் சட்டம், 1878