பள்ளி ஆசிரியர் வகுத்த எல்லை

ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் உண்டு என்று கண்டு, 1815இல் நிலவியல் வரைபடம் வெளியிட்ட வில்லியம் ஸ்மித்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுக்குகளை அடையாளம் காண வழி பிறந்துவிட்டது. ஆனால் ஒரு காலம் எந்த அடுக்கில் முடிகிறது, அடுத்தது எதில் தொடங்குகிறது? இந்தக் கேள்வி இரண்டு நல்ல நண்பர்களைப் பகையாளிகள் ஆக்கியது.

ஆடம் செட்ஜ்விக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். ராடரிக் மர்ச்சிசன் பட்டாளத்திலிருந்து நிலவியலுக்கு வந்தவர். வேல்ஸ் நாட்டுப் பாறைகளை ஆளுக்கொரு பக்கமாக ஆராய்ந்து, 1835இல் இருவரும் சேர்ந்தே பெயர்களை அறிவித்தார்கள். கீழே இருப்பது கேம்பிரியன், மேலே இருப்பது சிலூரியன். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்பதுதான் சரியாக முடிவாகவில்லை. வினை அங்கேதான் விளைந்தது. செட்ஜ்விக் பெரும்பாலும் பாறையின் தன்மையையும் கிடப்பையும் பார்த்துப் பிரித்தார். மர்ச்சிசன் புதைபடிவங்களை நம்பினார். நம்பியது சரிதான். ஆனால் அதையே சாக்காக வைத்துத் தன் சிலூரியனைக் கீழே கீழே இறக்கி, நண்பரின் கேம்பிரியனில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டார். 1855இல் அரசு நிலவியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானார்; பிறகு வரைபடங்களில் அவர் சொன்னதுதான் சட்டம். 1871இல் மர்ச்சிசனும் 1873இல் செட்ஜ்விக்கும் காலமானார்கள். வழக்கு தீரவில்லை.

தீர்த்தவர் சார்லஸ் லாப்வொர்த். 1864இல் தென் ஸ்காட்லாந்தின் காலஷீல்ஸ் ஊருக்குப் பள்ளி ஆசிரியராக வந்தவர். நிலவியலைத் தானாகவே கற்றவர். மாஃபட் ஊருக்கு அருகே டாப்ஸ் லின் என்று ஒரு குறுகிய மலையிடுக்கு இருக்கிறது. அருவி விழும் அந்த இடத்தில், கைபட்டாலே ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புக் களிப்பாறை. அந்த ஏடுகளில் கிராப்டோலைட் என்னும் உயிரினத்தின் தடங்கள் பதிந்திருக்கின்றன. பார்த்தால் ஒடிந்த ரம்ப அலகுத் துண்டு போலிருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த அறை. கூட்டமாகக் கடலில் மிதந்து திரிந்தவை என்பதால் வெகுதூரம் பரவின. இனங்களும் வேகமாக மாறிக்கொண்டே வந்தன. காலத்தைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தப் பகுதிப் பாறை முழுவதும் பல்லாயிரம் அடி கனமுள்ள ஒரே அடுக்குத் தொடர் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். லாப்வொர்த் அடுக்கு அடுக்காக, எந்த ஏட்டில் எந்த இனம் என்று குறித்துக்கொண்டே போனார். கீழிருந்து மேலே ஒரு வரிசையில் வந்த இனங்கள், சற்றுத் தள்ளி அப்படியே தலைகீழாக வந்தன; பிறகு மறுபடி நேராக. மெல்லிய ஒரே அடுக்குத் தொகுதிதான் மடிந்து மடிந்து திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது! பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியாத மடிப்பைப் புதைபடிவம் காட்டிக்கொடுத்தது. 1878இல் இதை வெளியிட்டார்.

மறு ஆண்டே அடுத்த தீர்ப்பு. இருவரும் உரிமை கோரிய நடுப்பகுதியின் உயிரினங்கள் மேலும் கீழும் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. எனவே அது தனிக் காலம். வட வேல்ஸின் பழங்குடியான ஆர்டோவிசஸ் பெயரால் அதை ஆர்டோவிசியன் என்றார். இவ்வளவு தெளிவான முடிவை உலக நிலவியல் மாநாடு ஏற்க 1960 வரை ஆனது பெருங்கொடுமை.

1985இல், சிலூரியனின் தொடக்கத்துக்கு உலகம் முழுமைக்குமான அளவுகோலாக அதே டாப்ஸ் லின் அறிவிக்கப்பட்டது. ஆர்டோவிசியன் இறுதியில் கடலுயிர்கள் பெருமளவில் அழிந்தன. ஆனால் கோடு அந்த அழிவின்மேல் போடப்படவில்லை. ஓர் இனத்தின் கடைசிப் பிரதி பாறையில் தப்பிக் கிடைப்பது தற்செயல். வேகமாகப் பரவும் புதிய இனத்தின் வருகையையே பல நாடுகளின் பாறைகளில் ஒப்பிட முடியும். ஆகவே அகிடோகிராப்டஸ் அசென்சஸ் என்ற கிராப்டோலைட் முதன்முதலாகத் தென்படும் அடுக்கே எல்லை. பர்க்ஹில் களிப்பாறையின் அடியிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அதன் வயதை 44.38 கோடி ஆண்டுகள் என்றார்கள். கணிப்பு கூர்மையானதும் 44.31 கோடி என்று திருத்தினார்கள். எண் மாறியது; எல்லை அந்த 1.6 மீட்டரிலேயே நிற்கிறது.

(தொடரும்)