சுழலும் உருளை, பின்ன நியூட்ரான்: முடுக்கிக் கதிர்வீச்சுக் கணிப்பின் வேர்கள் குறித்து

துகள் முடுக்கிகளைச் சுற்றி எழும் கதிர்வீச்சைக் கணிக்கும் ஃப்ளூக்கா, மார்ஸ் முதலிய நிரல்களின் பூர்வீகத்தைப் பேசுவோர் பலர் அறிவியல் வரலாற்றாளர் பீட்டர் கேலிசனிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1997-இல் வெளிவந்த அவருடைய 'இமேஜ் அண்ட் லாஜிக்' நூலில் இந்நிரல்களுக்கு அடிப்படையான, தற்செயல் எண்களால் கணிக்கும் மான்டி கார்லோ முறைக்கென்றே ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. முறை லாஸ் அலமோஸில், ஹைட்ரஜன் குண்டு வடிவமைப்பின் நெருக்கடியில் பிறந்தது என்பது அவர் வாசிப்பு. கணிதர், இயற்பியலர், ஆயுத வடிவமைப்பாளர் எனப் பல துறையினர் அதைச் சுற்றிக் கூடி, ஒரு சந்தைமொழி போன்ற பொதுமொழியை உருவாக்கிக்கொண்டார்கள். சிமுலேஷன் கோட்பாடும் ஆகாமல் சோதனையும் ஆகாமல் மூன்றாவதொரு உலகமாக நிலைபெற்றது. அந்த உலகத்துக்குத் தத்துவ நியாயம் தேடியவர்களில் கில்பர்ட் கிங் முக்கியமானவர். இயற்கையே தற்செயலால் இயங்குவது, ஆகவே தற்செயலால் நடக்கும் கணிப்பு இயற்கையை நேரடியாகப் பிரதிபலிக்கிறது என்பது கிங்கின் நிலைப்பாடு. அதற்கு எதிர்ப்பு இருந்ததையும் கேலிசன் பதிவு செய்கிறார். ஆனாலும் அவர் கதை சாய்வது மூன்றாம் உலகத்தின் பக்கமே.

கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்குக் கணக்குப் போடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த வாசிப்பை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தடுப்புச் சுவர் கேலிசனின் மையப்பொருள் அன்று. அதை மறந்து அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் அவருடைய சட்டகத்தை அப்படியே எடுத்து முடுக்கிகளின் மேல் பொருத்தினால் இரண்டு இடங்களில் பிசகுகிறது. ஒன்று, முறை வந்து சேர்ந்த வழி. மற்றொன்று, கணிப்பு இயற்கையைப் பிரதிபலிக்கிறது என்னும் கிங்கின் கண்ணாடி உவமை.

வழியைப் பொறுத்தவரை என் சான்று 1952-இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' 86-ஆம் தொகுதியில் ராபர்ட் வில்சன் எழுதிய கட்டுரை. பிற்காலத்தில் ஃபெர்மிலேப்பின் முதல் இயக்குநரான அதே வில்சன்தான். அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஈயத்தினுள் எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களும் பொழிவாகப் பெருகுவதை அவர் ஆராய்கிறார். கணினி எதுவும் இல்லை. ஈயத்தின் ஆழத்தைக் கதிர்வீச்சு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கொண்ட படிகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு படியிலும் துகளுக்கு என்ன நேரும் என்பதை ஓர் உருளை தீர்மானிக்கிறது. உருளையின் மேல் நிகழ்தகவு வளைகோடுகள் வரையப்பட்டிருக்கின்றன. அதைச் சுழற்றிவிட்டு, நின்றதும் துகளின் கதியைக் கோடுகளிலிருந்து படித்தெடுக்கிறார்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அந்த உருளையின் வருணனை. வெளிவிட்டம் 4 அங்குலம், நீளம் 12 அங்குலம். வேகமாகச் சுழலும் மோட்டார் 20-க்கு 1 என்ற பற்சக்கரக் குறைப்பின் வழியாக அதைத் திருப்புகிறது. மோட்டாரின் ஆர்மேச்சர் உருளையைவிடக் கனமானது. ஆகவே உருளை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது மோட்டாரே. மோட்டார் தற்போக்காகத்தான் நிற்கிறது என்பதைக் கவனித்து உறுதி செய்துகொண்டு, பற்சக்கரம் அந்தத் தற்போக்கை மேலும் பெருக்குகிறது என்கிறார். ஆய்வாளர் பலர் இதைச் சுவையான துணுக்காகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இது ஒரு சாட்சியம். தன் தற்செயல் ஈயத்திலிருந்து வரவில்லை, பற்சக்கரத்திலிருந்து வருகிறது என்பதை வில்சன் அறிந்திருக்கிறார். அதனால்தான் அதற்கு உத்தரவாதம் தேடுகிறார். கண்ணாடியை நம்புகிறவர் கண்ணாடியின் ரசப்பூச்சைச் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார். ஒரு பத்தியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம் என்றே நினைக்கிறேன். பொறியின் அளவுகளை அச்சில் ஏற்றுவது அவருக்கே அவசியமாகப் பட்டிருக்கிறது.

வில்சன் போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் இருந்தவராயிற்றே என்பது வலுவான மறுப்பு. உண்மை. ஆனால் ஃபான் நாய்மன் இந்த முறையை விளக்கி ரிக்ட்மையருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1947 மார்ச் மாதத்தது. வில்சன் 1946-இலேயே வெளியேறிவிட்டார். மெட்ரோபொலிஸும் உலாமும் முறையின் பெயரை 1949-இல் கட்டுரையாக உலகுக்கு அறிவித்தார்கள். வில்சன் தம் தலைப்பில் அந்தப் பெயரைக் கையாள்கிறார். ஆக, பெயர் குண்டுக்காரர்களிடமிருந்து வந்தது. தேவை வேறிடத்தில் இருந்தது: சராசரிகளை மட்டும் தரும் பழைய பொழிவுக் கோட்பாடு, ஈயத்தில் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் அதிக தூரம் ஊடுருவிச் செல்வதைச் சரியாகக் கையாளவில்லை.

இந்த எலக்ட்ரான்-ஃபோட்டான் கிளையின் அடுத்த கண்ணி பான் நகரின் நாகெல். 100 முதல் 1000 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரையிலான எலக்ட்ரான்கள் ஈயத்தில் எழுப்பும் பொழிவை அவர் கணினியில் கணித்து 1965-இல் வெளியிட்டார். அவருடைய நிரல் அமெரிக்காவுக்குப் போய், கைமாறி, 1978-இல் ஃபோர்டும் நெல்சனும் ஸ்லாக் ஆய்வகத்தில் வெளியிட்ட ஈஜிஎஸ் ஆக வளர்ந்தது. வில்சனுக்கும் நாகெலுக்கும் பொருள் ஒன்று, கேள்வி ஒன்று. நேரடி வாரிசுரிமை கோர இது போதாது. ஆனால் இருவரையும் ஆயுத ஆய்வகத்தின் பிள்ளைகள் என்று சொல்ல இதைவிடவும் குறைந்த ஆதாரமே உண்டு.

புரோட்டான், நியூட்ரான் போன்ற ஹாட்ரான்களின் கிளையில் கேலிசன் சொல்வது பொருந்துகிறது. அணுக்கருவுக்குள் அடுத்தடுத்து நிகழும் மோதல்கள் பற்றிய செர்பரின் 1947-ஆம் ஆண்டுக் கருத்தை வைத்துக் கோல்ட்பெர்கர் 1948-இல் கையால் கணக்கிட்டார். மெட்ரோபொலிஸ் குழு 1958-இல் அதையே லாஸ் அலமோஸின் மேனியாக் கணினியில் ஏற்றியது. ஓக் ரிட்ஜில் பெர்ட்டினி தொடர்ந்தார்.

இனிக் கண்ணாடி. உயர் ஆற்றல் நியூட்ரான்கள் கான்கிரீட்டில் ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒருமுறை 2.7-இல் ஒரு பங்காகக் குறைகின்றன. சுவர் 5 மீட்டர் என்றால் மறுபுறம் வருவது சுமார் 20,000-த்தில் ஒன்று. இயற்கையைப் போலவே ஒவ்வொன்றாகத் தொடர்ந்தால் கணினியின் உழைப்பெல்லாம் சுவருக்குள்ளேயே மாண்டுபோகும். ஆகவே ஆழமான பகுதிக்குள் நுழையும் நியூட்ரானை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி எடை தருகிறோம். பயனற்ற திசையில் போவதை ரஷ்ய ரூலட் ஆடிக் கொன்று, பிழைத்ததற்கு எடையைக் கூட்டுகிறோம். 0.03 எடையுள்ள நியூட்ரான் எந்த முடுக்கியிலும் பிறந்ததில்லை. சராசரி மாறாமல் இருக்கும். ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்குமான ஏற்ற இறக்கம் மட்டும் பொய்யாகிவிடும். சுவருக்குச் சராசரியே வேண்டும். நாங்கள் தினமும் செய்வது கண்ணாடியை அறிந்தே வளைக்கும் வேலை. அதன் மெய்ம்மைக்கு ஈடு நிற்பது கான்கிரீட்டிலும் மண்ணிலும் புதைத்த கருவிகளின் அளவீடுகள். 1966-இல் செர்ன், பெர்க்லி, ரூதர்ஃபோர்ட் ஆய்வகங்கள் சேர்ந்து செர்னின் புரோட்டான் சின்க்ரோட்ரான் தடுப்பில் நடத்திய சோதனை அத்தகையது.

அதே செர்னில், 1962-க்கும் 1967-க்கும் இடையில், யோகன்னஸ் ரான்ஃப்ட் தம் முதல் ஹாட்ரான் பொழிவு நிரல்களை எழுதினார். ஃப்ளூக்கா என்ற பெயர் அப்போது இல்லை. 'ஏற்ற இறக்கமுள்ள அடுக்குப்பொழிவு' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. துகளின் ஆற்றலை அளக்கும் கலோரிமானியில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எவ்வளவு மாறுபாடு வரும் என்று கணிக்க முயன்றபோது இட்ட பெயர். அங்கே எடை வைத்த துகள் உதவாது. இயற்கையின் தற்செயல் அப்படியே வேண்டும். கிங்கின் கண்ணாடி பொருந்தும் இடம் அதுதான். இன்று தடுப்புக் கணக்குக்குப் பெரிதும் பயன்படும் நிரல், தடுப்புக் கணக்கு மறைத்துவிடும் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

பெயரிட்ட ஆண்டு 1970-ஐ ஒட்டியது என்பது ரான்ஃப்ட் பின்னாளில் நினைவுகூர்ந்ததன் அடிப்படையிலானது. நினைவுக் குறிப்பை ஆவணமாக்க நான் துணியவில்லை. 'சுமார் 1970' என்றே விடுகிறேன். வரிசையில் மட்டும் ஐயமில்லை: நிரல் மூத்தது, பெயர் இளையது. 1989-க்குப் பிறகு ஃபாஸோ, ஃபெராரி, சாலா ஆகியோர் ரான்ஃப்டுடன் சேர்ந்து அதைப் புதிதாகக் கட்டியபோது இரண்டு வழிகளையும் ஒரே நிரலுக்குள் வைத்தார்கள். உள்ளீட்டுக் கோப்பில் எடைக்கான வரிகளைச் சேர்த்தால் சுவர்க் கணக்கு. எடுத்துவிட்டால் வில்சனின் உருளை.