தவக்காலமும் இறை இரக்கமும்: மன்னிப்பு பெறுவது எப்படி?

இயேசுவின் பாடுகளை நினைத்துக் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் 40 நாள்களே தவக்காலம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி இது தொடங்குகிறது. இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த 40 நாள்களில் சேர்வதில்லை. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் 18 முதல் 59 வயது வரையுள்ள கத்தோலிக்கர்கள் ஒரு வேளை மட்டுமே முழு உணவு உண்பர். வெள்ளிக்கிழமைகளில் 14 நிலைகள் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும்.

நோன்புக்கு இணையாக இக்காலத்தில் வலியுறுத்தப்படுவது மன்னிப்பு. 1904-இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் செபமாலை மாதா ஆலயம், 1928-இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களில் இதற்கான வழி, பாவசங்கீர்த்தனம் எனப்படும் ஒப்புரவு அருட்சாதனம். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்தைச் சேர்ந்த லுத்தரன் சபையினர் இதை லெந்து காலம் என்பர். அவர்களின் ஆராதனையில் சபையார் சேர்ந்து பாவ அறிக்கை செய்ய, போதகர் மன்னிப்பை அறிவிக்கிறார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து படிகள் உண்டு: செய்ததை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனி செய்யேன் என உறுதி கொள்வது, குருவிடம் அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது. கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். பிறர் பணத்தை ஏமாற்றி எடுத்தவர் செபம் சொல்வதோடு நின்றால் போதாது. பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும்.

அப்படியானால், மன்னித்துவிட்டால் தவறு செய்தவருக்குத் தண்டனை கூடாதா? பாதிக்கப்பட்ட பலரின் கேள்வி இது. 1981 மே 13-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலை மெஹ்மெட் அலி அக்ஜா துப்பாக்கியால் சுட்டார். 1983 டிசம்பரில் போப்பாண்டவர் ரோம் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். அதற்கு முன்பே மன்னித்தும் இருந்தார். ஆனாலும் அக்ஜா 2000 வரை இத்தாலியச் சிறையில் இருந்தார். மன்னிப்பு மனத்தில் இருக்கும் பகையை நீக்குகிறது. சட்டத்தின் கடமையை நீக்குவதில்லை. போலீசில் புகார் செய்வதும் பாவமாகாது.

அதே போப்பாண்டவர்தான், 2000 ஏப்ரல் 30-இல் போலந்து நாட்டு அருட்சகோதரி ஃபவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றை இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார். அதற்கான நவநாள் பெரிய வெள்ளியன்று தொடங்குகிறது. ஷா ஆலம் கத்தோலிக்க ஆலயம் இறை இரக்கத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பல ஆண்டுகளாக ஆலயப் பக்கம் போகாதவர்கள், செபம் மறந்துபோனதே என்று தயங்க வேண்டாம். மறந்துவிட்டேன் என்று குருவிடம் சொன்னால் போதும். அவரே படிப்படியாக வழிநடத்துவார்.