மூளைத் தமனிக் குறுக்கமும் முதுமையில் அறிதிறன் குறைதலும்

மண்டையோட்டுக்குள் ஓடும் பெரிய தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் நாரிழையும் சுண்ணமும் படிந்து, இரத்தம் செல்லும் வழி ஒடுங்குவதே மூளைத் தமனிக் குறுக்கம். பக்கவாதத்துக்கு இது முக்கியக் காரணம் என்பது நெடுநாளாகத் தெரியும். வெளிப்படையான பக்கவாதம் வராத முதியவர்களிடமும் இது சிந்தனையின் வேகத்தையும் திட்டமிடும் திறனையும் பாதிக்கக்கூடும் என்ற கருத்து அண்மை ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. ஐரோப்பிய வழியினரைவிட ஆசியர்களிடமும் கறுப்பின மக்களிடமும் இக்குறுக்கம் அதிகம் காணப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், இரத்தக் கொழுப்பு ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன.

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. கழுத்து வழியே ஏறும் நான்கு தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664இல் அதை விரிவாக விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரே அதற்கு வழங்குகிறது. ஒரு குழாய் ஒடுங்கினால் இன்னொன்றின் இரத்தம் இவ்வளையம் வழியே சுற்றிவந்து ஈடுகட்டும். பலருக்கு வளையம் பிறவியிலேயே முழுமையாக அமைவதில்லை என்பதால், ஒரே அளவு குறுக்கம் ஒருவரை முடக்கிவிட, மற்றொருவர் அதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார்.

இரண்டு தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள் கடைமடை வயல்களைப் போன்றவை. வரத்து குறைந்தால் முதலில் வாடுவது அவைதான். பெருமூளையின் உட்பகுதியிலுள்ள வெண்பொருளின் ஒரு பகுதி இத்தகைய இடம். மூளைப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் அதன் வழியேதான் செல்கின்றன. படிவிலிருந்து பெயரும் நுண்கட்டிகளும் மேலே சென்று சிறு குழாய்களை அடைத்து, கைகால் விழாத, பேச்சுக் குழறாத ‘மௌனப் பக்கவாதங்களை’ உண்டாக்குகின்றன. இவை எம்ஆர்ஐ எடுக்கும்போதுதான் தெரியவரும்.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மறதியாக இருப்பதில்லை, அதனால்தான் அது குடும்பத்தாரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பேரன் பேத்தி பெயர்கள் நினைவிருக்கும், நேற்று வந்தவர் யாரென்றும் தெரியும். ஆனால் கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். வங்கிப் படிவம் நிரப்புவது, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைப்பது, பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் சமைப்பது போன்ற வரிசையும் கவனமும் வேண்டும் வேலைகள் தடுமாறும். நடை குறுகும், எதிலும் ஆர்வம் குன்றும். வயதானால் இப்படித்தான் என்று இதைக் கடந்துபோவது பெரும் இழப்பு, ஏனெனில் தலையிட்டால் பலன் கிடைக்கக்கூடிய காலம் இதுதான்.

மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார். வட்டமும் எண்களும் சரியாக அமையும், சிறிய முள் 11இல் நிற்கும். பெரிய முள்ளை 2க்குக் கொண்டுபோகாமல் 10க்கு நேராக வரைந்துவிடுவார் நோயாளி. ‘பத்து’ என்று காதில் விழுந்த சொல்லின் இழுப்பை அடக்கி, அதை நிமிடமாக மாற்றிக்கொள்ள நெற்றிமடல் வேண்டும். நினைவாற்றலை மட்டும் சோதித்தால் இக்குறை பிடிபடாது.

ஆய்வு வரலாறு இரு கோடிகளுக்கும் போய்வந்திருக்கிறது. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த முதல் நோயாளியின் மூளையிலும் பெரிய குழாய்கள் தடித்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் முதுமை மறதி அனைத்துக்கும் தமனி இறுக்கமே காரணமாகச் சொல்லப்பட்டது. 1974இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் இதை மறுத்து, குழாய்நோய் மறதியை உண்டாக்குவது திசு மடிந்த பல சிறு, பெரு புண்களால்தான் என்றார்கள். பிறகு அல்சைமர் ஆய்வே மேலோங்கியது. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் மூளைகளை ஆராய்ந்த டேவிட் ஸ்னோடன் குழுவின் 1997 முடிவுகள் இரண்டையும் இணைத்தன: அல்சைமர் மாற்றங்களோடு சிறு அடைப்புப் புண்களும் இருந்தவர்களிடம் டிமென்ஷியா கூடுதலாகக் காணப்பட்டது. முதுமையில் இரண்டும் கலந்தே வருவது மிகச் சாதாரணம்.

குறுக்கத்தை சிடி, எம்ஆர் ஆஞ்சியோகிராம்களும், மண்டையோட்டின் மேலிருந்து செய்யும் டாப்ளர் பரிசோதனையும் காட்டும். கண்டதும் ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. கடும் குறுக்கத்தால் பக்கவாதமோ அதன் முன்னெச்சரிக்கைத் தாக்கமோ கண்ட 451 பேரிடம் நடந்த ‘சாம்ப்ரிஸ்’ ஆய்வு 2011இல் அதற்கு எதிரான விடையைத் தந்தது: முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 5.8 விழுக்காடு. எனவே இரத்தத்தட்டு எதிர்ப்பு மருந்து, ஸ்டாட்டின், அழுத்தக் கட்டுப்பாடு, புகை நிறுத்தம், உடற்பயிற்சி ஆகியவையே முதல் சிகிச்சை.

அறிதிறனைக் காப்பதில் அழுத்தக் கட்டுப்பாட்டுக்கே ஓரளவு வலுவான சான்று உண்டு. 9,361 பேரைக் கொண்ட ‘ஸ்பிரின்ட்’ ஆய்வின் 2019 முடிவுப்படி, மேல் அழுத்தத்தை 140க்குப் பதில் 120க்குக் கீழே இறக்க முயன்ற குழுவில் லேசான அறிதிறன் குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. டிமென்ஷியாவில் தெரிந்த குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. நீரிழிவு உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் கண்டவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மூளைத் தமனி மிகவும் ஒடுங்கியவருக்கு அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் கடைசி எல்லைக்குப் போகும் இரத்தம் குறையலாம் என்பதால், மருத்துவர்கள் மாத்திரையின் அளவைப் படிப்படியாகவே கூட்டுகிறார்கள்.