ஒரு சொட்டு வியர்வை: குடிச்சொற்கள் கடல் கடந்த கதை

யாழ்ப்பாணத்தில கள்ளு விக்கிற இடத்துக்கு 'தவறணை' எண்டு பேர். கேட்டால் தமிழ்ச்சொல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் போர்த்துக்கேயரின் 'தவேர்னா', ஆங்கிலேயரின் 'ரவேர்ன்' எல்லாம் இதன் சொந்தக்காரர். அந்தச் சொல் அங்கயிருந்து இங்க வந்தது. இந்தப் பக்கத்துக் குடிவகைகளின் பேர்கள் அங்க போனது இன்னொரு கதை. அதைத்தான் இப்ப பார்க்கப்போறம்.

ஸ்கொட்லாந்தில் குளிர்காலத்தில விஸ்கிக்குள் சுடுதண்ணியும் சீனியும் விட்டு 'ஹொட் ரொடி' எண்டு குடிப்பார்கள். தடிமனுக்கு நல்லதாம். அந்த 'ரொடி' வேற ஒண்டுமில்லை, கள்ளுத்தான்! வட இந்தியாவில் பனங்கள்ளுக்குப் பேர் 'தாடி' (எங்கட முகத்துத் தாடி இல்லை). 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அது ஸ்கொட்லாந்துக் கோப்பைக்குள் போனபோது பனை காணாமல் போய், பேர் மட்டும் மிஞ்சியது.

விருந்துகளில் கலக்குற 'பஞ்ச்' இருக்கெல்லோ? சாராயம், சீனி, தேசிக்காய், தண்ணி, வாசனைப் பொருள் என்று ஐந்து சேர்ப்பதால், ஹிந்தியில் ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' அதுக்குப் பேரானது என்பது பரவலான விளக்கம். கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்திலேயே இந்தப் பேர் வருகிறது. 1731இல் தொடங்கிய சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பனி, யாவாத் தீவின் பத்தாவியாச் சாராயத்தைக் கப்பலில் கொண்டுபோனது. சுவீடன்காரர் இண்டைக்கும் வியாழக்கிழமைகளில் பட்டாணி சூப்போட சூடான 'புன்ஷ்' குடிக்கிற வழக்கம் அதன் மிச்சம்.

கடற்படைக்கும் ஒரு சொல் உண்டு. 1740இல் பிரித்தானிய அட்மிரல் எட்வேர்ட் வேர்ணன், மாலுமிகளுக்கு றம்மைத் தனியாகக் குடுக்காமல், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி கலந்து குடுக்கச் சொன்னார். அவர் போடுற 'குறோகிராம்' துணி மேலங்கியால் அவருக்குப் பட்டப்பேர் 'ஓல்ட் குறொக்'. மாலுமிகள் அந்தத் தண்ணி றம்முக்கும் 'குறொக்' எண்டே பேர் வைத்தார்கள். தள்ளாடுறதைச் சொல்லும் 'குறொகி'யும் அதிலயிருந்து பிறந்ததுதான். கடற்படையின் தினசரி றம் பங்கீடு 1970 ஜூலை 31இல்தான் நிண்டது.

இதெல்லாம் சுவாரசியமான கதைகள். ஆனால் அந்த றம் எங்கயிருந்து வந்தது? பார்படோஸ், ஜமேக்கா தோட்டங்களில், ஆபிரிக்காவில இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வெட்டின கரும்பிலிருந்து. சீனி காய்ச்சி மிஞ்சின பாணியை வடிச்சால் றம். 'குறொக்' என்ற சொல்லில் அட்மிரலின் மேலங்கி இருக்கு. கரும்பு வெட்டினவரின் சுவடு ஒண்டும் இல்லை.

இலங்கையிலும் கதை வேற மாதிரி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு சாராயம் விக்கிற உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டுப் பெரிய வருமானம் பார்த்தது. குத்தகைக்காரர் சிலர் பெரும் பணக்காரர் ஆனார்கள். மரம் ஏறினவர் ஏறினபடிதான். யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளர் காலையும் மாலையும் பனையில் ஏறி, பாளை சீவி, முட்டி இறக்கினார்கள். அந்தக் கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடிச்ச உயர்சாதி ஆக்களே, சாதியைச் சொல்லி அவர்களை வீட்டுக்குள் வர விடவில்லை.

எங்கட சாராயத்தை ஆங்கிலத்தில் 'அரக்' என்கிறார்கள். அது அரபுச் சொல், பொருள் 'வியர்வை'. வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக விழுவதால் வந்த பேர். லெபனானில் திராட்சையில் வடிப்பது 'அரக்', மொங்கோலியாவில் பாலில் வடிப்பது 'ஆர்கி', எல்லாம் ஒரே குடும்பம். அந்த வியர்வை பாத்திரத்தினது மட்டும் இல்லை. குடிவகைகளின் வரலாற்றை எழுதேக்க, ஆர் குடிச்சவை, ஆர் வித்தவை எண்டதோட, ஆர் ஏறினவை, ஆர் வெட்டினவை எண்டதையும் சேர்த்து எழுதவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.