கொலஸ்டிரால் சேர்மங்களும் நீர்மப் படிகங்களும்

நீர்மப் படிகம் அல்லது திரவப் படிகம் என்பது திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட பொருள்நிலை. இந்நிலையில் பொருள் நீர்மமாக ஓடும். அதன் மூலக்கூறுகளோ படிகத்தில் உள்ளவை போல ஒரே திசை நோக்கி அணிவகுத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கொலஸ்டிரால் சேர்மங்களில் கண்டறியப்பட்ட இந்நிலையில், 1977இல் பெங்களூரு ஆய்வாளர்கள் புதியதொரு வகையைக் கண்டுபிடித்தனர்.

தொடக்க ஆய்வுகள்

பித்தக்கற்களிலிருந்து 18ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட கொழுப்புப் பொருளுக்கு 1816இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 'கொலஸ்டரின்' என்று பெயரிட்டார்; அதுவே இன்றைய கொலஸ்டிரால். இதன் சேர்மங்கள் உருகிக் குளிரும்போது நிறங்கள் தோன்றுவதை 1861இல் பிளானரும் பின்னர் வேறு சிலரும் குறித்துவைத்தனர். காரணத்தை எவரும் விளக்கவில்லை.

பிராகில் பணிபுரிந்த தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்டிராலை ஆராய்ந்து, அதன் வாய்பாட்டைத் துல்லியமாக அறிய முயன்றார். அதற்காக அவர் தயாரித்த கொலஸ்டிரைல் பென்சோயேட்டுக்கு உருகுநிலை இரண்டு இருந்தது. 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 பாகையில் கலங்கல் நீங்கித் தெளிந்தது. குளிரவைத்தபோது ஊதாவும் நீலமும் தோன்றி மறைந்தன. தூய பொருளுக்கு உருகுநிலை ஒன்றே என்பது அன்றைய வேதியியலின் அடிப்படை. ஆயினும் ரைனிட்சர் தாம் கண்டதை மாசின் விளைவென்று தள்ளிவிடவில்லை. 1888 மார்ச் 14 அன்று, ஆகனில் இருந்த இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார்.

லேமனிடம் பொருளைச் சூடேற்றியபடியே பார்க்கக்கூடிய முனைவாக்க நுண்ணோக்கி இருந்தது. கலங்கலான நீர்மம் ஒளியைப் படிகம் போலவே இரட்டை விலகலுக்கு உள்ளாக்குவதை அதில் கண்ட அவர், 1889இல் 'ஓடும் படிகங்கள்' பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இது வெறும் கலவை என்று குஸ்தாவ் தம்மன் போன்றோர் பல ஆண்டுகள் மறுத்தனர். ஜெர்மனியின் ஹாலே நகரில் டேனியல் ஃபோர்லண்டர் இத்தகைய சேர்மங்களை ஏராளமாகத் தயாரித்து, நீண்ட கோல் வடிவ மூலக்கூறுகளே இந்நிலைக்கு ஏற்றவை என்று காட்டினார். 1922இல் ஜார்ஜ் ஃபிரீடல் இவற்றை நெமாட்டிக், ஸ்மெக்டிக், கொலஸ்டெரிக் என மூன்றாக வகுத்தார்.

நிறத்தின் காரணம்

கொலஸ்டெரிக் வகையில் மூலக்கூறுகள் நோக்கும் திசை சிறிது சிறிதாகத் திரும்பிச் சுருளாக அமைகிறது. சுருளின் புரியிடை (ஒரு முழுச் சுற்றின் நீளம்) கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளத்தை ஒத்திருந்தால் அதற்குரிய நிறம் மட்டும் எதிரொளிக்கும். வெப்பநிலை மாறப் புரியிடையும் நிறமும் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டைகள் இந்தப் பண்பினால் இயங்குபவை.

இந்திய ஆய்வு

1977ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்குத் தலைமை வகித்த இயற்பியலாளர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004) சர் சி.வி. இராமனின் சகோதரி மகன். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இவருக்கு மாமன் மகன். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை விளக்கும் கோட்பாட்டை கே.என். சீனிவாச ராவுடன் சேர்ந்து கொலஸ்டெரிக் சுருளுக்குப் பொருத்தி 1968இல் வெளியிட்டார். 1971இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் நீர்மப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார்.

கோல் வடிவ மூலக்கூறுகளே நீர்மப் படிகமாகும் என்ற எண்ணம் அதுவரை நிலைபெற்றிருந்தது. வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகக்கூடுமா என்று சந்திரசேகர் கேட்டார். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள் கொண்ட சேர்மங்களை பி.கே. சதாசிவாவும் கே.ஏ. சுரேஷும் அவருமாக ஆராய்ந்தனர். மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தூண்களாவதையும், தூண்கள் அறுகோண ஒழுங்கில் நிற்பதையும் எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது. 1977இல் இந்திய ஆய்விதழான 'பிரமாணா'வில் இது வெளிவந்தது. அதே ஆண்டு சந்திரசேகரின் 'நீர்மப் படிகங்கள்' என்ற ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. 1991இல் பெங்களூரில் நீர்மப் படிக ஆய்வு மையத்தை நிறுவிய அவருக்கு 1994இல் ராயல் பதக்கமும் 1998இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

முக்கியத்துவம்

தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மென்படலம், எல்சிடி திரையைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகப் பார்க்க உதவியது. ரைனிட்சரும் லேமனும் இணைந்த காலம் முதல் பெங்களூரு ஆய்வகம் வரை, இத்துறையின் பெருந்திருப்பங்கள் வேதியியலும் இயற்பியலும் கைகோத்த இடங்களில் நிகழ்ந்திருக்கின்றன. பொருளைத் தூய்மையாகச் செய்யும் கையும் அதை அளந்தறியும் கண்ணும் ஒரே கூரையின்கீழ் இயங்கினால், இந்திய ஆய்வகத்திலும் உலகுக்கு முதன்முதலாக ஒன்றைக் காட்ட முடியும் என்பதற்கு 1977ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு உறுதியான சான்று.