ஓட்டலில் சமபந்தி

சென்னை மாகாணத்தில் ஓட்டல் தொழில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்பு வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டவை சத்திரங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே உணவு தருமமாகக் கிடைத்தது. காசு கொடுத்து வெளியில் சாப்பிடப் பலர் தயங்கினர். சமைத்தவர் என்ன சாதி, பக்கத்து இலையில் உட்காருபவர் யார் என்ற கேள்விகளே அதற்குக் காரணம்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப் பாதை நீள நீள, வேலைக்கும் படிப்புக்கும் வழக்குக்கும் பட்டணம் வருவோர் பெருகினர். இவர்களை நம்பிக் காபி கிளப்புகள் முளைத்தன. பிராமணர் சமைத்ததை மற்றச் சாதியினரும் சாப்பிடுவார்கள் என்பதால் ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகை வியாபாரத்துக்கு உதவியது. ஆனால் சமையல் பொதுவாக இருந்தாலும் பந்தி பொதுவாக இல்லை. பல கடைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். தலித்துகளுக்கு அனுமதியே கிடையாது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களிலும் இதே பிரிவினை நிலவியது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941-இல் அது ஒழிந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு, சாதியைக் காட்டி எவரையும் உணவு விடுதிக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் ‘பிராமணாள்’ பலகைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன் திராவிடர் கழகம் மறியலைத் தொடங்கியது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கைதானவர்கள் ஆயிரத்தைத் தாண்டினர். மறுவருடம் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல் நீக்கப்பட்டது.

இதே காலத்தில் ஓட்டலின் தோற்றமும் மாறியது. உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்து பிறர் அடுக்களையில் உழைத்து முன்னேறிய கே. கிருஷ்ணராவ், 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1951-இல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஓட்டல் திறக்கப்பட்டு, பிரியாணிக்குப் பெயர்பெற்றது. 1962-இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் மரநிழலில் கார்கள் நிற்கும். சர்வர் தட்டைக் கார் ஜன்னலிலேயே மாட்டிவிட்டுப் போவார். 2008-இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா அமைந்தது. 1981-இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் தமிழ்நாட்டு டிபனை வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்றது.

நகரத்து ஓட்டலில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது இன்று கேள்வியே அல்ல. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் மாற்றம் மெதுவாகவே வந்தது. அங்கே தலித்துகளுக்குத் தனி டம்ளர். குடித்தவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். சட்டம் தடைசெய்த பிறகும் இந்த இரட்டைக் குவளை முறை பல பத்தாண்டுகள் நீடித்தது.